கால் திருப்பு

பெட்டியைத் திறந்து கைவிட்டால்
வண்டியை ஒட்டிய சுவரில்
இரண்டு கம்பி வளையங்கள் தட்டுப்படும்.
கால் திருப்பு திருப்பினால் பூட்டு.
முழுச்சுற்றுகூட வேண்டாம்,
பன்னிரண்டில் நிற்கும் முள்ளை
மூன்றுக்குக் கொண்டுவந்தால் போதும்.

அந்தக் காலைத்தான் நான் திருப்பவில்லை.

பின்சக்கரத்துக்கு டயர் மாற்றிய நாள்.
முன் வளையத்தைத் திருப்பினேன்.
தொலைபேசி அடித்தது. போனேன், வந்தேன்,
பின் வளையத்தையும் திருப்பியதாக நினைத்துக்கொண்டேன்.
நினைப்புக்கு முறுக்கு கிடையாது.

நெவா ஸ்டிமாட்ஸ்
கடைசி சென்ட் வரை எண்ணிவைத்துவிட்டுப் போனாள்.
ப்யூட் ஊரைத் தாண்டி
ஹோம்ஸ்டேக் கணவாய் ஏறுகையில்
இடப்பக்கப் பெட்டி அவளை விட்டுப் பிரிந்தது.
பின்னால் வந்த மரலாரி அதன்மேல் ஏறியது.
பெட்டிக்குள்
மழைக்கோட்டு, ஸ்பானர் சுருள்,
போஸ்மனில் இருக்கும் தங்கைக்கு
மூன்று ஜாடி பீட்ரூட் ஊறுகாய்.
சாலையில் சிவப்பைப் பார்த்து
நெடுஞ்சாலைக் காவலர்
காரை நிறுத்தாமலே இறங்கப் பார்த்தாராம்.

சிரிக்கலாம். லாரி
ஒரு வண்டி நீளம் முன்னால் வந்திருந்தால்
இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

திரும்பி வந்தாள்.
மிஞ்சிய மூடியை என் மேசையில் வைத்தாள்.
கத்தவில்லை. காப்பி கேட்டாள்.
முதலாளி புதுப் பெட்டி தருவதாகச் சொன்னார்,
அதே மெரூன், ஆறு வாரமாகும் என்று.
அவள் அனகோண்டாவின் பழைய இரும்புக்கடையில்
ஏலத்துக்குப் போன போலீஸ் வண்டியின்
வெள்ளைப் பெட்டியை வாங்கி மாட்டிக்கொண்டாள்.
பெயின்ட் அடிக்கவே இல்லை.
ஏன் இப்படி என்று யார் கேட்டாலும்
ரௌட்டியோவைக் கேளுங்கள் என்பாள்.
நான்தான் ரௌட்டியோ.

அதற்குப் பிறகு
பெட்டிகளைத் தானே கழற்றுவாள்.
அவள் ஓட்டும் பள்ளிப் பேருந்தின்
கிழிந்த இருக்கையுறைகளில் சுற்றி
வீட்டுக்குக் கொண்டுபோவாள்.
ரப்பர் வளையங்கள் மாத்திரை டப்பாவில்:
திங்கள் முன்பக்கம், செவ்வாய் பின்பக்கம்,
புதனில் ஒரு திருகு,
வியாழன் காலி,
அது தொலைந்துபோவதற்கு என்றாள்.
டேங்க்கின் மேல் துண்டு விரித்துவிட்டு
என் இடுப்பைப் பார்ப்பாள்.
பெல்ட்டுக் கொக்கி கீறுமாம்.
கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு
ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்தபடி
ஒரு கையால் ஆயில் மாற்றியிருக்கிறேன்.
நீங்கள் செய்து பாருங்கள்.

இந்த வசந்தத்தில்
பெட்டிகளை மாட்டி முடித்ததும்
சட்டைப்பையிலிருந்து நகப்பூச்சு எடுத்தாள்.
ஆரஞ்சு. இருப்பதிலேயே அசிங்கமான ஆரஞ்சு.
பூட்டிய வளையத்தில் தொடங்கி
பெட்டிச் சுவர்வரை ஒரே கோடு.
'கோடு விலகினா வளையம் நகர்ந்திருக்குன்னு அர்த்தம்.
கோடு பொய் சொல்லாது.'
'நானும் சொல்லல, நெவா. மறந்துட்டேன்.'
'பெட்டிக்கு ரெண்டும் ஒண்ணுதான்.'

சீசாவை என் மேசையில் விட்டுப்போனாள்.
மறந்தா, வேண்டுமென்றா,
கேட்கவில்லை.

இப்போது என் கையைக் கடக்கும்
எல்லா வண்டிக்கும் கோடு போடுகிறேன்.
பெட்டி, பிரேக், அச்சு நட்டு.
அந்தத் தூரிகை என் விரல்களுக்கு மெலிசு,
இடது கட்டைவிரல் நகம் நிரந்தர ஆரஞ்சு.
வெள்ளிக்கிழமை பீர்க்கடையில்
ஒரு சுரங்கக்காரன் நெடுநேரம் உற்றுப்பார்த்துவிட்டு
மற்ற ஒன்பதும் என்ன பாவம் செய்தன என்றான்.
அவனுக்குப் பன்னிரண்டையும் மூன்றையும்
எங்கிருந்து தொடங்கிச் சொல்ல?
இன்னொரு பீர் வாங்கிக்கொடுத்தேன்.

சீசாவில் இன்னும் கால் பங்கு மீதி.
அக்டோபரில் வருவாள்,
பனிக்கு முன் பேட்டரி கழற்ற.
பெட்டிகள் இல்லாமல்தான் வருவாள்.